கிழிக்க வேண்டியதைக் கிழித்தவர்

ரைட்டரம்மா இஸ்திரிக்குப் போடும் சட்டையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. மற்ற போலீஸ்காரர்களின் பையில் என்னென்னவோ கிடக்கும். பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, யாரோ எழுதிக் கொடுத்த போன் நம்பர், ஒருமுறை பாதி கடித்த கமர்கட். நான் எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக வைத்து, திருப்பிக் கொடுக்கும்வரை தொலைந்துவிடுமோ என்று தவித்துக்கொண்டிருப்பேன். ரைட்டரம்மா வண்டிக்கு முன்னால் நின்றே பையைக் காலி செய்வார். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படிப்பார். வேண்டியதை மடித்துப் பர்ஸில் வைப்பார். வேண்டாததை நாலாகக் கிழித்து என் இஸ்திரிப் பெட்டியின் நெருப்பில் போடுவார். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு தாளைத் திரும்பப் பைக்குள் வைத்து நான் பார்த்ததில்லை.

அப்போது மயிலாப்பூரில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே, புங்க மரத்தடியில் என் வண்டி நின்றது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. ரைட்டரம்மாவின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயர் சட்டையிலேயே குத்தியிருக்கும். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுவதையும் பார்க்கிறவர் ரைட்டர். இவர் ரைட்டரம்மா. கட்டைகுட்டையான உருவம், ஐம்பதை நெருங்கிய வயது, கொண்டையில் செருகிய பேனா. அந்தப் பேனாவைத் தேடிக்கொண்டு மேசையை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டுத்தான் தலையில் கை வைப்பார்.

நான் அவருக்கு நேர் எதிர். எட்டாவதோடு படிப்பை விட்டவன். எந்தத் தாள் முக்கியம், எது இல்லை என்று எனக்குத் தெரியாது. அதனால் எதையும் எறியமாட்டேன். பழைய கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, இறந்துபோன அப்பாவின் பழைய ரேஷன் கார்டு என்று எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. நாளைக்கு யாராவது வந்து "அந்தப் பேப்பர் எங்கே?" என்று கேட்டால் என்ன செய்வது? இந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு வருடம் பெருமழையில் ஸ்டேஷனின் பின்னறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பழைய கேஸ் கட்டுகளும் பதிவேடுகளும் மனுக்களும் அடைந்து கிடந்த அறை. ஏற்கெனவே கரையான் அரித்தது போக மிச்சம் நனைந்துவிட்டது. மூன்று நாளில் அறையைக் காலி செய்யச் சொல்லி இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். நான்காவது நாள் துணி கொடுக்கப் போனபோது ரைட்டரம்மா தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் வைக்க வேண்டிய குவியல், இடது பக்கம் கிழிக்க வேண்டிய குவியல். மடியில் ஒரு கட்டு. படித்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா இது? ஒண்ணொண்ணா படிச்சிக்கிட்டிருந்தா என்னைக்கு முடியறது? மொத்தமா எரிச்சு விடுங்க."

"எரிக்கலாம் சார். எதை எரிச்சீங்கன்னு கோர்ட்டுல கேட்டா சாம்பலையா காட்டறது?"

"சரி. அப்ப எல்லாத்தையும் வெச்சுக்குங்க. மாடியில ரூம் தரேன்."

"அதுவும் முடியாது சார். காலம் முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"ஏம்மா, மூலையில சும்மா கிடக்கிற பேப்பர் உங்களை என்ன பண்ணுது?"

ரைட்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பேப்பர் சும்மா கிடக்காது சார். எவனாவது ஒருத்தன் எடுத்துப் படிப்பான். படிச்சா எவன் வீட்டுக் கதவையாவது தட்டுவான்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "யோவ் இஸ்திரி, பார்த்தியா? இந்தம்மா ரைட்டர் இல்ல, சித்திரகுப்தன்."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த அறையில் எங்கோ என் பெயர் எழுதிய கட்டு ஒன்று இருந்தது. அது வலது குவியலா இடது குவியலா என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் மண்டையில் ஓடவில்லை.

எந்தக் காகிதத்தை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்பதற்கு அரசாங்கத்தில் விதி இருக்கிறது. சாதாரண மனுவுக்கு ஒரு காலம், தினசரிப் பதிவேட்டுக்கு ஒரு காலம், கொலை வழக்குக்கு வேறு காலம். ரைட்டரம்மாவுக்கு அது மனப்பாடம். ஆனால் வருடத்தை மட்டும் பார்த்து அவர் கிழித்துவிடமாட்டார். ஒவ்வொரு கட்டையும் தூக்கிப் பிடித்து, "இதைக் கேட்டு யார் வருவா?" என்று சத்தமாகக் கேட்பார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியாது. அறையில் ஆளில்லாவிட்டாலும் கேட்பார்.

ஒரு கட்டுக்கு மட்டும் பதில் இருந்தது. ஒரு பெண் காணாமல் போன புகார். அவளுடைய அம்மா சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒவ்வொரு ஆடி மாதமும் வந்து, "ஏதாச்சும் தகவல் கெடச்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதன் காலம் முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது. ரைட்டரம்மா தனியாக ஒரு குறிப்பு எழுதி இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கி, அதை வலது பக்கம் வைத்தார். ரோந்து போகும் ஏட்டு ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னா மேடம், எங்களுக்கு மட்டும் ரூல் பேசுறீங்க. இதுக்கும் டைம் ஆயிடுச்சில்ல?"

"ஆயிடுச்சு. வர்ற ஆடியில அந்தம்மா வருவாங்க. 'உன் பொண்ணு காலாவதி ஆயிட்டா'ன்னு நீயே சொல்லு. நான் கிழிச்சிடறேன்."

ஏட்டு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்னொரு நாள், ரிடையரான பெரியவர் ஒருவர் மாட வீதிப் பக்கத்திலிருந்து குடையோடு வந்தார். பக்கத்து வீட்டுத் தென்னை மரம் தன் பக்கம் சாய்கிறது என்று எப்போதோ மனுக் கொடுத்திருந்தாராம்.

"நான் குடுத்த கம்ப்ளெயிண்டைக் கிழிச்சுட்டேளாமே! ஆத்துல எல்லாரும் சிரிக்கறா."

"மரம் இருக்கா சார்?"

"வெட்டியாச்சு."

"அந்த வீட்டுக்காரர்?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டார். ஆனா அவர் புள்ளை இருக்கானே! பாத்துண்டே இருங்கோ, அவனும் ஒரு மரம் வைப்பான்."

"வெக்கட்டும் சார். அப்போ புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. அதுக்கும் ஒரு தேதி போட்டு வெக்கறேன்."

பெரியவர் குடையைத் தரையில் தட்டிக்கொண்டே போனார். ரைட்டரம்மா என் பக்கம் திரும்பி, "மரம் போச்சு, மனுஷன் போயிட்டான். இவருக்குப் பேப்பர் மட்டும் இருக்கணும்" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். பத்தொன்பது வயதில் எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் கேரம் போட்டி நடந்தது. கடைசி ஆட்டத்தில் சிவப்புக் காய் விழுந்ததா இல்லையா என்று தகராறு. போர்டைத் தூக்கி யாரோ யார் தலையிலோ போட்டார்கள். போலீஸ் வந்தபோது எல்லாரும் ஓடிவிட்டார்கள். எனக்குப் பயத்தில் கால் எழவில்லை. கையில் ஸ்ட்ரைக்கரோடு அங்கேயே நின்றேன். கேஸ் நடந்தது. கோர்ட்டில் விடுதலையும் ஆகிவிட்டேன். ஆனால் அதற்குள் ஸ்டேஷனில் என் பெயரில் ரவுடி ஷீட் ஒன்று திறந்திருந்தார்கள். போட்டோ, கைரேகை, நெற்றித் தழும்பு எல்லாம் அதில் இருந்தது.

கோர்ட் விட்டாலும் அது விடவில்லை. பேப்பர் என்றாலே எனக்கு வரும் பயம் அதிலிருந்து பிடித்ததுதான். எலெக்ஷன் வந்தால் கூப்பிடுவார்கள். பெரிய தலைவர் யாராவது வந்தால் கூப்பிடுவார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் வந்தால் கட்டாயம் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து ஊர்வலம் முடிகிறவரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும். அடிக்கவில்லை, திட்டவில்லை, டீகூடக் கொடுப்பார்கள். முதல் நாள் என்னிடம் சட்டைக்கு இஸ்திரி போட்டு வாங்கிப் போன அதே ரோந்து ஏட்டுதான் மறுநாள் வந்து, "வாய்யா, போலாம்" என்பார். பெஞ்சில் இருந்தால் மேளச் சத்தம் கேட்கும். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவன், கல்யாணம் ஆனபின் ஒரு வருடம்கூட என் பெண்டாட்டியோடு நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. மகளிடம், "அப்பாவுக்கு அன்னைக்கு ஸ்டேஷன்ல இஸ்திரி வேலை" என்று சொல்லிவைத்திருந்தேன். அவளுக்குப் பத்து வயதானபோது, "அந்த வேலைக்கு ஏம்பா பெட்டி எடுத்துக்கினு போறதில்ல?" என்று கேட்டாள்.

மழை வந்த அந்த வருடம் தை மாதம் ரைட்டரம்மா வண்டிக்கு வந்தார். கையில் சட்டை இல்லை.

"இஸ்திரி, உன் வீடு எங்க?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "இன்னாத்துக்கு மேடம்?"

"கேட்டதுக்குச் சொல்லுய்யா."

"பெரும்பாக்கம் மேடம். அடுக்குமாடில."

"எப்போலேருந்து?"

"கால்வாய் ஓரத்துல எங்க வீட்ட இடிச்சதிலேருந்து. அது ஆச்சு நாலு அஞ்சு வருஷம். டெய்லி பஸ்ஸு புடிச்சுத்தான் வர்றேன். நான் எதுவும் பண்ணல மேடம்…"

"நீ பண்ணினேன்னு யார் சொன்னா? வீடு இடிச்சதுக்கு, புது வீடு குடுத்ததுக்கு எதாவது பேப்பர் இருக்கா?"

எந்தப் பேப்பர் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் தகரப் பெட்டியையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்டுச் சண்டை போட்டார். ரைட்டரம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அடப்பாவி, எங்க ரூமைவிட மோசமா இருக்கே" என்றார். பிறகு வழக்கம்போல இரண்டு குவியல். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்பாவின் ரேஷன் கார்டைத் தூக்கிப் பிடித்து, "இதைக் கேட்டு யார் வருவா?" என்றார்.

"யாரும் வரமாட்டாங்க மேடம். ஆனா அதுல எங்க நைனா பேரு கீது."

கார்டைத் திருப்பி இரண்டு பக்கமும் படித்தார். "அப்போ நீ கேட்டு வருவே" என்று சொல்லி வலது பக்கம் வைத்தார். வீடு ஒதுக்கிய உத்தரவு கிடைத்ததும் அதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டார். எதற்கு என்று சொல்லவில்லை. "வியாழக்கிழமை ஏ.சி. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றார். மேசைத் துணி, திரைச்சீலை எல்லாம் சரியா பத்து மணிக்குக் கொண்டு வா. ஒம்போதே முக்காலுக்கு வராதே, பத்தேகாலுக்கும் வராதே" என்றார்.

வியாழன் பத்து மணிக்குத் துணியோடு உள்ளே நுழைந்தேன். ஏ.சி. என்கிற அசிஸ்டன்ட் கமிஷனர் நாற்காலியில் இருந்தார். எதிரில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் அந்த ரோந்து ஏட்டு. மேசைமேல் ஒரே ஒரு கட்டு. அதன் மேலட்டையில் பத்தொன்பது வயதில் எடுத்த என் போட்டோ. எனக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

ஏ.சி. கடைசிப் பக்கத்தை வாசித்தார். "'மேற்படி நபரை அவரது வீட்டில் நேரில் சந்தித்தேன். தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்.' சரியாத்தானே இருக்கு? போன மாசம்கூடப் பார்த்திருக்காங்க."

"முகவரியைப் படிங்க சார்" என்றார் ரைட்டரம்மா.

ஏ.சி. படித்தார். கால்வாய் ஓரத்துப் பழைய கதவு எண்.

"அந்த வீட்டை இடிச்சு நாலு வருஷத்துக்கு மேல ஆகுது சார். இப்போ அங்க நடைபாதை. ஜனங்க காலையில வாக்கிங் போறாங்க." வீடு ஒதுக்கிய உத்தரவை மேசையில் வைத்தார். "மாசா மாசம் அந்த வீட்டுக்குப் போய் இவரைப் பார்த்திருக்காங்க சார். போன ஐப்பசியில வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்னுகூட எழுதியிருக்கு."

ஏ.சி. ஏட்டைப் பார்த்தார். "எங்கய்யா உட்கார்ந்து சாப்பிட்டான்? நடைபாதையிலயா?"

ஏட்டு கட்டின் முந்தின பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "முன்ன எழுதினதப் பாத்து… டெய்லி பாக்குற ஆளுதான் சார். எதிர்ல தான் இஸ்திரி போட்டுக்கினு…"

"யாரு?"

"இவர்தான் சார்" என்று ரைட்டரம்மா என்னைக் காட்டினார். "உங்க மேசைத் துணிக்கு இஸ்திரி போட்டவர்."

நான் திரைச்சீலைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். கீழே போட்டுவிடுவேனோ, கசங்கிவிடுமோ என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை. ஏ.சி. என்னை, போட்டோவை, மறுபடி என்னைப் பார்த்தார்.

"கேஸ் என்னாச்சு?"

"விடுதலை சார். அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. இந்த ஷீட்டை நீட்டிக்கணும்னா வருஷா வருஷம் காரணம் எழுதி மேலதிகாரி உத்தரவு வாங்கணும். நான் முழுக்கப் படிச்சுட்டேன் சார். பல வருஷமா உத்தரவே இல்ல. முந்தின வருஷத்துல எழுதினதையே அப்படியே காப்பி பண்ணிக்கிட்டு வந்திருக்காங்க. இதோட காலம் எப்பவோ முடிஞ்சுது. முடிஞ்சது தெரியாம நாமதான் உசுரு குடுத்துக்கிட்டு இருக்கோம்."

இன்ஸ்பெக்டர் இடையில் புகுந்தார். "இருந்துட்டுப் போகட்டும் சார். ஒரு சேஃப்டிக்கு. நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா, ஏன் மூடினேன்னு நம்மளைக் கேப்பாங்க."

"நாளைக்கு இவர் எதாவது பண்ணினா புதுசா ஒண்ணு திறங்க சார். நானே எழுதித் தரேன். பண்ணாததுக்கு எதுக்கு இது? பங்குனிக்குப் பங்குனி ஒரு மனுஷனைப் பெஞ்சுல உட்கார வெக்க இந்தப் பேப்பர் தவிர வேற காரணம் யார்கிட்டயாவது இருக்கா?"

ஏ.சி. பேனாவை எடுத்தார். "மூடிடுங்க. இந்த வருஷ அழிப்புப் பட்டியல்லயே சேர்த்துடுங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டிடம், "நீ மட்டும் இரு" என்றார். நான் திரைச்சீலையை மாட்டாமலே வெளியே வந்துவிட்டேன். ரைட்டரம்மா பின்னாலேயே வந்து, "அதை மாட்டிட்டுப் போய்யா" என்று அதட்டினார்.

மாசிக் கடைசியில் ஸ்டேஷன் கொல்லையில் அழித்தார்கள். இரண்டு அதிகாரிகள் சாட்சி. ரைட்டரம்மா பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்க, ஒரு காவலர் கட்டைப் பிரித்து, தாள் கிழிக்கும் மெஷினுக்குள் விட்டார். நான் மதில் ஓரமாக நின்றேன். என் பெயர் வந்தது. மற்ற பெயர்களை வாசித்த அதே குரலில்தான் என் பெயரையும் வாசித்தார். போட்டோ முதலில் போனது. அப்புறம் கைரேகை. மெஷின் மறுபக்கம் சேமியா மாதிரி கொட்டியது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாளே ரைட்டரம்மாவிடம் போனேன். "மேடம், ஜெராக்ஸ் எதாச்சும்…"

"இல்ல."

"கம்ப்யூட்டர்ல?"

"அதுலயும் எடுத்தாச்சு. பக்கத்துல உட்கார்ந்து எடுக்க வெச்சேன்."

"வேற ஸ்டேஷன்ல?"

"யோவ், போய்ப் பொழப்பைப் பாருய்யா!"

அப்படியும் பங்குனி பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உற்சவத்துக்கு முதல் நாள் ஏட்டு சட்டையை வாங்க வந்தபோது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் விடிந்தது. ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. யாரும் வரவில்லை. பதினோரு மணிக்கு நானாகவே ஸ்டேஷன் வாசல்வரை போய் எட்டிப்பார்த்தேன். பெஞ்சில் நான் உட்காரும் இடத்தில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள். பாரா நின்ற பெண் காவலர், "என்ன அண்ணா, துணியா?" என்றார். "இல்லம்மா, சும்மா" என்று சொல்லித் திரும்பியவன் வண்டியை மூடித் தார்ப்பாயைக் கட்டினேன். பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். "புள்ளயக் கூட்டிக்கினு கெளம்பி வா."

தெற்கு மாட வீதியில் எள் போட இடமில்லை. வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், பானகம், புளியோதரை. என் மகள் மூன்று இடத்தில் வாங்கித் தின்றாள். முன்னால் கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. அங்கே அந்த ஏட்டு. என்னைப் பார்த்துவிட்டார். என் கை தானாக மகளின் கையை இறுக்கியது. "வலிக்குதுப்பா" என்றாள். ஏட்டு கூட்டத்தில் இரண்டு பேரை விலக்கிவிட்டு, "பாப்பாவ முன்னாடி வுடு. அதுக்கு இன்னா தெரியும் அங்கேருந்து?" என்றார்.

முன்னால் போனோம். அறுபத்துமூவரும் பல்லக்குப் பல்லக்காக, கைகூப்பியபடி வந்தார்கள். பத்தொன்பது வயதிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மேளத்தை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அடிக்கிறவரின் தோளில் வேர்வை ஓடுவதைக்கூடப் பார்த்தேன். மகள் ஒவ்வொரு பல்லக்கையும் எண்ணி, நடுவில் கணக்கை விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். என் பெண்டாட்டி சாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது. பைத்தியக்காரன் மாதிரி அந்த இடத்தை விட்டு அசையாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

யாரோ லத்தியால் கயிற்றைத் தட்டினார்கள். திரும்பினால் ரைட்டரம்மா. பந்தோபஸ்து டூட்டி. தொப்பிக்குக் கீழே வேர்த்துக் கொட்டுகிறது. நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். மற்ற ஆயிரம் பேரைப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

"யோவ்! பார்த்தாச்சுன்னா நகருய்யா! பின்னாடி ஜனம் நிக்குதில்ல!"

"இதோ மேடம்!" என்று கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தேன்.